மாமனார் ஒத்துக்கொண்ட செயற்கைக்கோள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாமனாருக்கு மருமகளின் வேலை பிடிபடவே இல்லை. ராக்கெட் செயற்கைக்கோளைத் தாழ்வான பாதையில் விட்டுவிட்டுப் போய் மாதக்கணக்காகிறது. அதன் சொந்த எஞ்சினை இயக்கி, சுற்றுச் சுற்றாக மேலே ஏற்றுவதுதான் அவள் வேலை. எஞ்சினின் பலமோ ஓர் எலுமிச்சம்பழத்தைத் தாங்குகிற அளவுதான்.

“உயர ஏற ஏற வேகம் குறையும் மாமா,” என்று அவள் ஒருநாள் வாயை விட்டாள்.

“ஆக்ஸிலேட்டரை மிதிச்சா வண்டி மெதுவாப் போகுமா? என்கிட்ட கத்துக்கிறவன் இப்படிச் சொன்னா நடுரோட்டுல இறக்கி விட்டுடுவேன்!”

அன்றிலிருந்து தினமும் காலையில் இதே பாட்டுதான்.

இன்று வேலைக்குக் கிளம்பும்போது போன் வந்தது. பேசி முடித்தவள் துள்ளினாள்.

“மாமா, போய்ச் சேர்ந்துடுச்சு! எஞ்சினை நிறுத்திட்டாங்க. இனிமே பூமியோட சேர்ந்து சுத்தும். கீழேருந்து பார்த்தா ஒரே இடத்துல நிக்கும்.”

மாமனார் காப்பியைக் கீழே வைத்தார். “அப்போ இத்தனை மாசமா நீ பண்ணது பார்க்கிங்கா?”

“அப்படித்தான் வெச்சுக்கோங்களேன்.”

“அட, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? ஓட்டுறதுக்கு என்ன, எவன் வேணா ஓட்டுவான். ஒழுங்கா நிறுத்தத் தெரிஞ்சவதான்மா டிரைவர்!”

மனம் குளிர்ந்து வாசல்வரை வழியனுப்ப வந்தார். அங்கே அவருடைய கார், அவள் ஸ்கூட்டரைச் சுவரோடு நெருக்கிக்கொண்டு கோணலாக நின்றது. அவள் காரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

மாமனார் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

“நீயே நிறுத்திடும்மா.”