பதினோராம் எண் வீட்டுச் சூடு

மகளைப் புதைத்த மறுநாளிலிருந்து பொகுமிலாவின் வீட்டு அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் சூடாகவில்லை. கொதிநீர் மட்டும் அவற்றுக்குள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. கடோவிட்சே நகரத்துச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் மேல்வீட்டார் பனியனோடு உலாவ, கீழ்வீட்டார் ஜன்னலைத் திறந்துவைக்க, நடுவிலிருந்த பதினோராம் எண் வீட்டில் மட்டும் தேநீர் கோப்பையிலேயே உறைந்தது. மகள் கொர்னேலியாவுக்கு ஒன்பது வயது. உறைந்த குளத்தில் சறுக்கி விளையாடியபோது பனிக்கட்டி உடைந்துவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் உடலை எடுத்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் பொகுமிலா ஒன்றையே சொன்னாள்: "புள்ள கை சில்லுனு இருந்துச்சுங்க. எவ்வளவு தேய்ச்சும் சூடே ஏறல."

குடியிருப்புச் சங்கத்துக் குழாய்க்காரர் தெயோபில் வந்தார். "காத்து அடைச்சிருக்கும், பாருங்கண்ணே," என்றான் பொகுமிலாவின் கணவன் ஸெனோன். தெயோபில் காற்றுத் திருகைத் திறந்தார்; காற்று வரவில்லை, வெந்நீர் பீய்ச்சி அவர் விரலைச் சுட்டது. வால்வு சிக்கியிருக்குமோ என்று சுத்தியலால் தட்டினார். ரேடியேட்டரையே கழற்றி, உள்ளேயிருந்த கறுப்புச் சகதியை அலசிக் கொட்டி மறுபடி மாட்டினார். உள்ளே போகும் குழாய் கையைப் பொசுக்கியது. வெளியே வரும் குழாய் கிணற்றுநீராய்க் குளிர்ந்தது.

"முப்பது வருஷமா குழாயோட மல்லுக்கட்டறேன். இப்படியொரு திருட்டு ரேடியேட்டர பாத்ததில்லம்மா. சூட்ட வாங்கி எங்கயோ கொண்டுபோய்க் குடுக்குது."

எங்கே என்பது ஜனவரியில் தெரிந்தது. மேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் கொர்னேலியாவின் குழிமேல் மட்டும் பனி தங்கவில்லை, புல் முளைத்திருக்கிறது என்று காவலாளி சொல்லியனுப்பினார். பொகுமிலா போய் மண்ணில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி போலிருந்தது.

தெயோபிலுக்கு நிச்சயமாகத் தெரிந்தாக வேண்டியிருந்தது. ஒரு மதியம் பொகுமிலாவைக் கல்லறையில் நிற்கச் சொல்லிவிட்டு, சரியாக இரண்டு மணிக்கு வீட்டு வால்வுகளை மூடினார். இரண்டேகாலுக்குப் புல் சாய்ந்தது. பெய்துகொண்டிருந்த பனி முதன்முறையாக அந்த மண்ணில் தங்கியது. பொகுமிலா கையால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். தள்ளத் தள்ள விழுந்தது. ஒரு காலணி கழன்றதையும் அறியாமல் மேட்டிலிருந்து ஓடிவந்து மாடியேறிக் கதவை இடித்தாள்.

"தொறங்க! அய்யோ, தொறங்க! புள்ள நடுங்குது!"

தெயோபில் எல்லா வால்வுகளையும் கடைசிச் சுற்றுவரை திறந்துவிட்டார். அதன்பின் அந்த வீட்டில் அவர் திருகுசாவியை எடுக்கவேயில்லை.

ஸெனோனின் நுரையீரலில் ஏற்கெனவே சுரங்க வேலையில் படிந்த நிலக்கரித்தூள் இருந்தது. அந்தக் குளிரை அது தாங்கவில்லை. இரண்டாவது குளிர்காலத்தில் அவன் கிலிவிட்சேயிலுள்ள தங்கை வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

"நீயும் வாயேன்டி. சூட்ட அது பாட்டுக்கு அனுப்பட்டும்."

"வீட்டுல ஆளில்லன்னு சங்கத்துக்காரங்க வால்வ மூடிட்டா? நீ போ. மருந்த மறந்துடாத."

சண்டை எதுவும் இல்லாமல் பிரிந்தார்கள். அது இருவருக்கும் இன்னும் அதிகமாக வலித்தது. பொகுமிலா கோட்டும் கம்பளித் தொப்பியுமாகச் சமைத்தாள், தூங்கினாள். அப்படியே பன்னிரண்டு குளிர்காலங்கள் போயின. சங்கத்துப் பதிவேட்டில் அந்த வீட்டுக்கு நேரே 'கோளாறு இல்லை' என்று ஆண்டுதோறும் எழுதினார்கள். ஞாயிறுதோறும் ஸெனோன் பேருந்தில் மகளின் கல்லறைக்கு வந்தான். அவள் துணியில் சுற்றிக் கொண்டுவந்த கொழுக்கட்டைகளைக் கல்லறை மண்மேல் வைத்துச் சூடாக்கினாள். சுற்றிலும் முழங்கால் ஆழப் பனியில் ஊரார் தத்தம் கல்லறைகளுக்கு மெழுகுவத்தி ஏற்றிப் போனார்கள். அவன் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினான். அவள் கையுறைகளை உருவினாள். கல்லறைத் தோட்டத்து வாயிற்கதவு மூடும்வரை இருவரும் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.