ஆபீசர் வருகிற அன்று

தலைச்சோலையில் மண்ணுக்குச் சோறு போடுகிற ஒரே ஆள் சின்னசாமிதான். பஞ்சாயத்துத் துப்புரவுப் பணியாளர். காபித் தண்டைத் துளைக்கும் பூச்சிக்கென்று பழைய எஸ்டேட் குடோனில் குவித்த விஷப்பொடி மண்ணில் இறங்கி, கீழிருந்த ஊற்றையும் கெடுத்து, ஊற்றுக்கு முள்வேலி போட்டுப் பன்னிரண்டு வருஷம். விஷத்தைத் தின்னும் பாக்டீரியாவைச் சேலத்துக் கல்லூரியிலிருந்து கொண்டுவந்து அந்த மண்ணில் பாத்தி கட்டி விட்டிருந்தாள் அக்கல்லூரி ஆராய்ச்சி மாணவி ஞானசுந்தரி. தினம் வெல்லத் தண்ணீர் ஊற்றிக் கிளறிவிடுவது சின்னசாமியின் வேலை.

"கிருமியக் கொல்லத்தானுங்க இத்தன வருஷம் சம்பளம் குடுத்தாங்க. இப்பச் சோறு போடச் சொல்றீங்களே!" என்று முதலில் சிரித்தவர்தான். விஷம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று ரிசல்ட் வந்த அன்று ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனார். "ஆடிக்குள்ள ஊத்தத் தொறந்துருவாங்க. இனி நீ ஒரு மைலு கொடஞ் சொமக்க வேண்டாம்" என்று மனைவி குப்பாயியிடம் வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஊற்றைத் திறக்கக் கையெழுத்துப் போடவேண்டிய அதிகாரி மண்ணைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அன்று காலை சின்னசாமியின் கை தானாகவே பிளீச்சிங் பவுடர் மூட்டைக்குப் போயிற்று. ஆபீசர் வந்தால் பவுடர். முப்பது வருஷப் பழக்கம், லேசில் விடுமா? பாதையின் இரு பக்கமும் கோடு போட்டார். புளித்த நாற்றம் அடித்த பாத்தியைப் பார்க்க அவருக்கே வெட்கமாக இருந்தது. மிச்சப் பவுடரை அதன்மேல் தாராளமாகத் தூவினார். பிறகு மறக்காமல் தினசரித் தண்ணீரையும் ஊற்றினார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஞானசுந்தரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாம் செத்திருக்கும்ணா. முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

ஜீப் வந்தது. அதிகாரி முகமெல்லாம் சிரிப்பு. "இடத்தை எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்க!" என்று சின்னசாமியின் தோளைத் தட்டினார். ஞானசுந்தரி ஏதோ சொல்ல வாயெடுத்து, சின்னசாமியைப் பார்த்து, நிறுத்திக்கொண்டாள். தன்னைக் காட்டிக்கொடுக்க அந்தப் பெண்ணுக்கு மனசு வரவில்லை என்பது சின்னசாமிக்குப் புரிந்தது. அவமானமாக இருந்தது.

"ஐயா, அந்தச் சுத்தந்தானுங்க கெடுத்துப்போட்டுது. வெசத்தத் தின்ன சீவனுகளப் பவுடர் போட்டு நான்தானுங்க கொன்னேன். அம்மா மேல தப்பில்லீங்க. மறுபடி செய்ய விடுங்க."

"யார் போடச் சொன்னது?"

"யாருஞ் சொல்லலீங்க. நீங்க வர்றீங்கன்னாங்க. போட்டுட்டனுங்க."

அதிகாரி பாதையோரத்து வெள்ளைக் கோடுகளைப் பார்த்தார். தன் ஷூவைப் பார்த்தார். சிரிப்பு எங்கோ போயிருந்தது.

"சரி, இன்னும் ஏழு மாசம் எடுத்துக்கங்க. நானே திரும்ப வந்து பாக்கறேன்."

சின்னசாமி கையெடுத்துக் கும்பிட்டார்.

"வாங்கய்யா. ஆனா வர்றத மட்டும் முன்னாடியே சொல்லிப்போடாதீங்க."