வீபெக்கு அறுபது: ஏழாவது வரைவு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கழிப்பறையில் உதித்தது. சிரிக்க வேண்டாம், இந்த நாட்டில் பிறந்தநாள் நாட்காட்டி எல்லார் வீட்டிலும் அங்கேதான் தொங்கும். அதில் வருடம் இருக்காது, கிழமை இருக்காது. தேதியும் அதற்கு நேரே ஆட்களின் பெயரும் மட்டும். தினமும் உட்காருகிற இடத்தில் கண்ணெதிரே இருந்தால் யாருடைய நாளும் மறந்துபோகாது என்று ஒரு நம்பிக்கை. இன்று ஞாயிறு. காலையில் மார்ச் பன்னிரண்டுக்கு நேரே 'வீபெ' என்று பேனாவால் எழுதினேன். அந்தத் தேதி போய் நான்கு நாள் ஆகிறது. எழுதி முடித்ததும் வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் சிலர் வீட்டைப் பெருக்குவார்கள். நான் கதை எழுத உட்காருவேன்.

வீபெ என் மேல்வீட்டுக்காரர். கார் ஓட்டும் உரிமத்துக்குத் தேர்வு வைக்கிறவர். ஆறேமுக்கால் அடி உயரம். படியில் என்னைப் பார்த்தால் ஒதுங்கி நின்று வழிவிடுவார்.

முதல் தொடக்கம்: 'ஸ்வொல்ல நகரத்துக் கால்வாயோரம் ஒரு பழைய கட்டடத்தில், தன் அறுபதாவது பிறந்தநாளை நோக்கி ஒரு மனிதர் நிதானமாக' (வேண்டாம். யாரும் அதை நோக்கி நடப்பதில்லை. அதுதான் வந்து கதவைத் தட்டுகிறது.)

இரண்டாவது தொடக்கம்: 'சனிக்கிழமை வீபெயின் வீட்டுக்கு யாரும்' (இதுவும் வேண்டாம். முதல் வரியிலேயே மூக்கைச் சிந்தினால் வாசகர் எழுந்து போய்விடுவார்.)

மூன்றாவது: 'திங்கட்கிழமை காலை வீபெ கழிப்பறைச் சுவரில் ஓர் ஆணியைப் பார்த்தார்.' இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

திங்கட்கிழமை காலை வீபெ கழிப்பறைச் சுவரில் ஓர் ஆணியைப் பார்த்தார். முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன ஆணி. பதினான்கு மாதமாக அது அங்கேதான் இருக்கிறது. அந்த ஆணியில் ஒன்றும் தொங்கவில்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

முப்பத்தோரு வருடம் நாட்காட்டி மனைவி அலீயின் இலாகா. "இன்னிக்கு உன் தங்கச்சிக்குப் பிறந்தநாள், ஃபோன் பண்ணு" என்பாள் அலீ, அவர் பண்ணுவார். வாழ்த்து அட்டையில் அவள் பெயருக்குக் கீழே தன் பெயரைப் போடுவார். விவாகரத்தாகிக் கிளம்பும்போது காபி இயந்திரம், கருவிப்பெட்டி, பாதித் தட்டுகள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். கழிப்பறைச் சுவர் ஞாபகத்துக்கு வரவில்லை. விளைவு, இந்த ஒரு வருடத்தில் அவர் ஒருவரையும் வாழ்த்தவில்லை. தங்கையை, சீட்டாட்டக் கூட்டாளிகளை, அலுவலக நண்பர் ஹார்மை, யாரையும். நாம் யார் வீட்டுக்குப் போனோமோ அவர்கள்தான் நம் வீட்டுக்கு வருவார்கள். இந்த ஊரில் இதற்கு விதிவிலக்கு கிடையாது. புதன்கிழமை அவருக்கு அறுபது, வீட்டில் கொண்டாடுவது சனிக்கிழமை. அன்றைக்கு யார் வருவார்கள்? அலீக்கு ஃபோன் போட்டார்.

(என் கூரைதான் அவர் தரை. மெல்லிய தரை. அவர் பேசியது என் காதில் விழுந்தது. அலீ பேசியதை நானே கற்பனையில் எழுதிக்கொண்டேன்.)

"அந்த நாட்காட்டில என் பேர் இன்னும் இருக்கா, அலீ?"

"பேனாவுல எழுதினது. எங்க ஓடிடப் போவுது?"

"எல்லாப் பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பறியா?"

"ஒரு வருஷம் கழிச்சா? இப்பப் போய் வாழ்த்தினா, உனக்கு மூளைல ஏதோ ஆயிடுச்சுன்னு உன் தங்கச்சி டாக்டரைக் கூப்பிடுவா."

"சரி, விடு." பிறகு, "சனிக்கிழமை ரெண்டு மணிலேர்ந்து வீட்லதான் இருப்பேன்."

அதுதான் அழைப்பு. மற்ற நாளில் ஒரு காபிக்குக்கூட மூன்று வாரம் முன்னால் தேதி குறிக்கிற ஜனங்கள், பிறந்தநாளுக்கு மட்டும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். தெரிந்தவர்கள் தாமாக வரவேண்டும். வாயைத் திறந்து 'வா' என்றால் பரிசு கேட்ட மாதிரி ஆகிவிடும். (நான்காவது வரைவில் "நீ வந்தா எனக்கு நல்லாருக்கும்" என்று அவரைச் சொல்லவைத்தேன். அந்த வாய்க்கு அது பொருந்தவே இல்லை, அடித்துவிட்டேன்.)

3

புதன்கிழமை, பிறந்தநாள். இங்கே பிறந்தநாள்காரர்தான் அலுவலகத்துக்குப் பலகாரம் வாங்கிப்போக வேண்டும். வீபெ பதினான்கு டாம்பூஸ் வாங்கிப்போனார். மேலே இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பூச்சு, நடுவே இரண்டு விரல் உயரத்துக்குக் கஸ்டர்டு. கடித்தால் நாலு பக்கமும் பிதுங்கும். சட்டையில் படாமல் அதைத் தின்ன ஆளுக்கொரு உத்தி வைத்திருக்கிறார்கள். ஹார்ம் அதைப் பக்கவாட்டில் படுக்கவைத்து வெட்டினார்.

"அறுபதா! பிரேக் இன்னும் பிடிக்குதா, கிழவா?"

"உன் பல்லைவிட நல்லாவே பிடிக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சூட்டோடு வீபெ சொல்லிவிட்டார்: "சனிக்கிழமை ரெண்டு மணிலேர்ந்து வீட்லதான் இருப்பேன்."

"ஓ, நல்லது நல்லது," என்றார் ஹார்ம், உதட்டோரக் கஸ்டர்டைத் துடைத்துக்கொண்டே.

மிச்சமிருந்த ஒன்றை வீபெ தன் காரில் உட்கார்ந்து தனியாகத் தின்றார். காகிதத்தில் ஒட்டியிருந்த சர்க்கரையை நகத்தால் சுரண்டி நக்கினார். அந்த இரண்டு நிமிடம் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

பதினொரு மணித் தேர்வுக்கு வந்தவள் மிலென்கா. நாற்பது வயது, இது நாலாவது முயற்சி. 'தேறிட்டீங்க' என்றதும் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதாள். வீபெக்கு என்ன தோன்றியதோ, "எனக்கு இன்னிக்குப் பிறந்தநாள்," என்றார். "ஐயோ, இதை முதல்லயே சொல்லக் கூடாதா!" என்று திரும்பி, இங்கே வாழ்த்துகிற முறைப்படி அவர் கன்னங்களில் மாற்றி மாற்றி மூன்று முத்தம் கொடுத்தாள்.

(அடிக்குறிப்பு: மிலென்கா என்று யாரும் இல்லை. ஒரு வாரம் முழுக்க அவரை ஒரு கையும் தொடாமல் விட எனக்கு மனம் வரவில்லை, சேர்த்துவிட்டேன். ஹார்மின் பல்லும் என் கைங்கரியம். டாம்பூஸ் நிஜம். பெட்டிகளை ஏந்திக்கொண்டு அவர் படியிறங்குவதைப் பார்த்தேன். என்ன விசேஷம் என்று கேட்கவில்லை.)

4

வியாழக்கிழமை மாலை என் வாசல்மணி அடித்தது.

"கீழ்வீட்டம்மா, ஒரு உதவி. நாலு நாற்காலி கிடைக்குமா? என்கிட்ட நாலுதான் இருக்கு. வர்றவங்க வட்டமா உக்காரணும்ல, எட்டு போட்டாத்தான் வட்டம் வட்டமா வரும்."

"என்ன விசேஷம், மேல்வீட்டுக்காரரே?"

"நேத்து அறுபது முடிஞ்சுது."

"அட, வாழ்த்துகள்! சொல்லவே இல்லயே நீங்க."

"இப்பச் சொல்றேன்ல." இரண்டு கையிலும் இரண்டிரண்டு நாற்காலியைக் கோத்துக்கொண்டு படியேறப் போனவர் நின்றார். திரும்பாமலே சொன்னார்: "சனிக்கிழமை ரெண்டு மணிலேர்ந்து வீட்லதான் இருப்பேன்."

"நல்லபடியா நடக்கட்டும்," என்றேன்.

இருபத்து மூன்று வருடமாக இந்த ஊரில் குப்பை கொட்டுகிறேன். அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் தெரியாதவள் இல்லை. நாற்காலி கொடுத்தவளுக்கு ஒரு மரியாதைக்குச் சொல்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் ஐந்து வரைவுகளிலும் கதைசொல்லி அப்பாவியாகத்தான் இருந்தாள். எழுதுவதற்கு அது வசதி.

5

சனிக்கிழமை ஒன்றரைக்கு மேல்வீட்டில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம். இரண்டு மணிக்குக் காபி இயந்திரம் உறுமியது. இரண்டே முக்காலுக்கு மறுபடி நாற்காலிச் சத்தம். வட்டத்தைச் சின்னதாக்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றானது. படிக்கட்டில் ஒரு காலடிகூட இல்லை.

ஏன் போகவில்லை என்றால், பயம். யாருமில்லாத வட்டத்தில் நான் போய் உட்கார்ந்தால் அவருடைய தோல்விக்குச் சாட்சியாகிவிடுவேன். அப்புறம் தினமும் படியில் எப்படி முகத்தைப் பார்ப்பது? அவருக்காகப் பயந்தேன் என்று ஆறாவது வரைவில் எழுதியிருந்தேன். பொய். எனக்காகத்தான். அடுத்த மாதம் எனக்கும் ஒரு பிறந்தநாள் வருகிறது. அன்றைக்கு என் படியில் எத்தனை காலடி கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

முடிவு ஒன்று: மூன்றேகாலுக்கு எல்லாரும் சேர்ந்தாற்போல் வருகிறார்கள். அலீ, தங்கை, ஹார்மும் மனைவியும், சீட்டாட்டக்காரர்கள். வட்டத்தைச் சுற்றிவந்து, இந்த ஊர் வழக்கப்படி பிறந்தநாள்காரரை மட்டுமில்லாமல் வந்திருக்கிற எல்லாரையும் வாழ்த்தி, ஆளுக்கு ஆள் கைகொடுக்கிறார்கள். "உங்க அண்ணனுக்கு அறுபது, வாழ்த்துகள்!" "உங்க நண்பருக்கு அறுபது, வாழ்த்துகள்!" வீபெ இரண்டாவது துண்டு கேக்கை எல்லார் தட்டிலும் வற்புறுத்தி வைக்கிறார். (மூன்று பக்கம் எழுதினேன். எழுதும்போது எனக்கே பசித்தது. கிழித்துப்போட்டேன்.)

முடிவு இரண்டு: அலீ மட்டும் வருகிறாள், அவள் கையில் சுருட்டிய ஒரு நாட்காட்டி (நிறுத்து. இது சினிமா.)

முடிவு மூன்று, நடந்தது: ஐந்தரைக்கு மணி அடித்தது. நான்கு நாற்காலிகளோடு வீபெ. இஸ்திரி மடிப்புக் கலையாத நீலச்சட்டை. மேல் நாற்காலியில் மூடிபோட்ட கேக் பெட்டி.

"ரொம்ப நன்றி, கீழ்வீட்டம்மா. நல்லா இருந்துச்சு. எல்லாரும் வந்தாங்க."

"அப்படியா! சத்தமே கேக்கலயே?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

வீபெ நாற்காலியை வாசலுக்கு நேராகத் தள்ளிவைத்தார். பிறகு இன்னும் கொஞ்சம் நேராக்கினார்.

"அமைதியான ஆளுங்க," என்றார்.

கேக் எனக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். திறந்து பார்த்தேன். பன்னிரண்டு துண்டுக் கேக்கில் ஒன்றுதான் குறைந்திருந்தது.

6

இப்போது ஞாயிறு மதியம், மூன்று மணி தாண்டிவிட்டது. மேலே அவர் நடக்கிறார். சமையலறையிலிருந்து ஜன்னல் வரைக்கும், திரும்பவும் சமையலறைக்கு.

ஏழு வரைவு ஏன் தேவைப்பட்டது என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. கதையை நன்றாக முடித்துவிட்டால் நான் மேலே போக வேண்டியதில்லை. உங்களுக்கும் கண் கலங்கும், எனக்கும் மனசு லேசாகும், அவர் மட்டும் மேலே நடந்துகொண்டிருப்பார்.

நான்காவது முடிவும் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். நான் மேலே போய் மணியடிக்கிறேன். வீபெ கதவைத் திறந்து, "என்ன, கேக் கெட்டுப்போச்சா?" என்கிறார். "இல்ல, மேல்வீட்டுக்காரரே. நேத்து வந்திருக்கணும், வரல. இன்னிக்கு உக்காரலாமா?" என்கிறேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்கு எழுத வரவில்லை. மிலென்காவை இட்டுக்கட்டிய எனக்கு, அலீக்கு வசனம் எழுதிய எனக்கு, இந்த ஒரு பதில் மட்டும் வரவில்லை. அது அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

அதனால் முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன். எழுந்து போனேனா இல்லையா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். போயிருந்தால் நான் மேலே உட்கார்ந்திருப்பேன், அதை எழுத இங்கே ஆள் இருக்காது.