வாஷர் அக்காவின் வீட்டுக்காரர்

மனித நாகரிகம் மொத்தமும் இரண்டே காரியங்களில் அடங்கிவிட்டது என்பது செக்கரின் தீர்ப்பு. ஒன்று, சுவிட்சைப் போடுவது. இரண்டு, போட்டுவிட்டு அந்த இடத்தை விட்டுப் போய்விடுவது. நெருப்பு, சக்கரம், எழுத்து எல்லாம் இந்த இரண்டுக்கும் வந்து சேருவதற்காக மனிதன் பட்ட பாடு. இதற்குப் பிறகும் ஒரு ஆள் விளக்கின் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்றி, சைக்கிள் டயருக்கு அடிக்கிற மாதிரி காற்றடித்து, அது சீறுகிற சீறலுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தால், அந்த ஆள் மனித குலத்திலிருந்து ராஜினாமா செய்துவிட்டார் என்று அர்த்தம்.

இதைச் சொல்லும்போது அவர் சிரிப்பதில்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். "இந்தப் பெட்டின்னு தெரியாம ஏறிட்டேன் சார்" என்று பணிக்காலம் முழுக்கக் கேட்டும் சிரிக்காத முகம் அது. தெருவில் எல்லாருக்கும் அவர் செக்கர்தான். சங்கடம் என்னவென்றால், மனித குலத்திலிருந்து ராஜினாமா செய்திருந்தவர் அவருடைய மனைவி.

அந்த அம்மாள் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வக உதவியாளர். பழைய இரும்புக் கடையில் நசுங்கிக் கிடந்த ஒரு காற்றடி விளக்கை, எந்தக் கம்பெனி செய்தாலும் ஜனங்கள் பெட்ரோமாக்ஸ் என்றே சொல்லும் விளக்கை, "ஐயோ பாவம்" என்று ஒருநாள் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆரம்பம் அதுதான். அதன்பிறகு அந்த வட்டாரத்து இரும்புக் கடைகளில் பாவப்பட்ட விளக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. முன்னறையின் ஒரு சுவர் முழுக்கப் பித்தளையும் கண்ணாடியுமாக அலமாரி நிரம்பியது. வயிறு பெருத்தது குண்டு. உயர்ந்தது நெட்டை. என்ன செய்தாலும் சீறிக்கொண்டே இருக்கும் ஒன்றுக்கு மாமியார் என்று செக்கர் பெயர் வைத்தார். யாருடைய மாமியார் என்பதை இருவரும் தெளிவுபடுத்திக்கொண்டதில்லை.

விளக்கு சேர்க்கும் ஆட்கள் எங்கெங்கோ இருந்தார்கள். எல்லாருக்கும் அவள் வாஷர் அக்கா. காற்றடிக்கும் பம்பின் நுனியில் ஒரு தோல் வாஷர் இருக்கும். அது காய்ந்து சுருங்கினால் காற்று ஏறாது. அக்கா அதைப் பழைய தோலில் வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்புவாள். செக்கருடைய பெல்ட் இந்த வகையில் பல ஊர்களுக்குப் பயணம் போயிருந்தது.

ஆனால் அக்காவின் பெரிய புகழ் வாஷரால் வந்ததில்லை, காதால் வந்தது. விளக்கில் என்ன கோளாறு என்று யாராவது போன் செய்வார்கள். "எரிய விட்டுட்டு போனைப் பக்கத்துல வைங்க" என்பாள் அக்கா. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். அந்தப் பக்கத்திலிருந்து புஸ்ஸென்று சத்தம் வரும். கொஞ்சம் கேட்டுவிட்டு, "ஆவி வர்ற நிப்பிள் ஓட்டையில ஊசி நடுவுல நிக்கல. சக்கரத்தை ஒரு சுத்து திருப்புங்க" என்பாள். திருப்பினால் சரியாகிவிடும்.

நாற்காலியில் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் வரும்.

"மூச்சை நல்லா இழுத்து விடச் சொல்லு. நாக்கை நீட்டச் சொல்லு."

"ஏங்க, அவருக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியான்னும் சொல்லிடு, பாவம்."

இப்படியே வருஷங்கள் ஓடின. பிறகு பல் டாக்டரின் புருவம் போயிற்று.

பல் டாக்டர் அக்காவின் பரம பக்தர். தன் கிளினிக்கின் வரவேற்பறையிலேயே விளக்குகளை அடுக்கி வைத்திருந்தார். வெளிச்சம் மங்குகிறது என்று ஒருநாள் போன் செய்து, விளக்கின் பக்கத்தில் போனை வைத்தார். அக்கா கண்ணை மூடிக் கேட்டாள். "சத்தம் சுத்தமா இருக்கு. ஊசியைத் திருப்பிப் பாருங்க" என்றாள். சத்தம் சுத்தமாக இல்லை. எண்ணெய் ஊற்றும் மூடியின் ஓரத்தில் காற்று கசிந்துகொண்டிருந்தது. ஊசியைத் திருப்ப டாக்டர் குனிந்தார். கசிந்த ஆவி குப்பென்று பிடித்துக்கொண்டது. இடது புருவம் போனதோடு தப்பித்தார். அதன்பிறகு வாயைத் திறக்கச் சொன்னால் நோயாளிகள் திறந்த வாயோடு அவர் நெற்றியையே பார்த்தார்கள்.

"பரவால்லக்கா, முளைச்சிடும்" என்றார் நேரில் வந்து. அவர் அதை அன்பாகச் சொன்னதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

போன்தான் பழசாகிவிட்டது என்று புதுப் போன் வாங்கினாள். அதிலும் அடுத்து வந்த ஆளுக்குத் தப்பாகச் சொன்னாள். அதற்கடுத்த ஆளுக்கும் தப்பு. பிறகு போன் அடித்தால் எடுப்பதை விட்டுவிட்டாள். ஒரு வாரம் கழித்து, சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போது சொன்னாள்.

"விளக்கையெல்லாம் பல் டாக்டர்கிட்டயே கொடுத்துடப் போறேன். ஞாயித்துக்கிழமை வேன் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். எனக்கு வேலை மறந்து போச்சுங்க. என் பேச்சைக் கேட்டு யாராவது மூஞ்சியைக் கருக்கிக்கப் போறாங்க."

செக்கர் இத்தனை வருஷமாகக் கேட்டது இதைத்தான். கேட்டது கிடைத்தவருக்கு உரிய கம்பீரத்தோடு, "நல்லது. அலமாரி எடத்துல ஒரு மீன் தொட்டி வைக்கலாம். மீன் சீறாது" என்றார். பிறகு நாற்காலியில் போய் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தார். வெகுநேரம் பக்கம் திருப்பும் சத்தம் வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அட்டைப் பெட்டிகள் வந்தன. கொடுக்கிற பொருள் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பது அக்காவின் கொள்கை. ஒவ்வொரு விளக்கையும் துடைத்து, காற்றடித்து, பற்ற வைக்காமல் மேஜைமேல் வரிசையாக வைத்தாள். மூடியில் இருக்கும் சின்ன முள் இறங்காமல் நின்றால் காற்றுப் பிடிக்கிறது என்று பொருள். அதன்பிறகுதான் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பாள்.

"அது இன்னைக்குப் பேப்பர்ம்மா. நான் இன்னும் முடிக்கல."

"நேத்துதும் அதேதான் போட்டிருந்தான். இதைப் படிங்க."

அக்கா குண்டுக்குக் காற்றடித்து வைத்துவிட்டு, முதுகைக் காட்டி நின்று கண்ணாடிக் கூண்டைத் துடைக்கத் தொடங்கினாள். செக்கர் நேற்றைய பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"குண்டுக்கு என்ன, சளியா? மூக்கால அழுவுது."

"என்னது?"

"குண்டும்மா. கொய்ங்குனு."

அக்கா திரும்பி வந்து குனிந்து பார்த்தாள். காதை அதன் பக்கத்தில் கொண்டுபோனாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த செக்கருக்கு அந்தக் கசிவு எறும்பு கடித்த மாதிரி தெளிவாகக் கேட்டது. அக்கா நிமிர்ந்து, "ஒண்ணும் இல்லையே. ஏன் சும்மா கிண்டல் பண்றீங்க?" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் செக்கரை எழுப்பியது.

பரிசோதனை அவருக்குப் புதிதல்ல. தூங்குவதுபோல் நடிப்பவர், கழிவறையில் ஒளிந்தவர், நேற்றைய டிக்கெட்டை மடித்துக் காட்டியவர் என்று எத்தனையோ பேரைப் பரிசோதித்தவர்தான். அக்கா மறுபடி முதுகைக் காட்டிக் கூண்டைத் துடைக்கும்வரை பொறுத்திருந்தார். மேஜைக்கு வந்து, நெட்டையின் காற்றுத் திருகை இரண்டு விரலால் பிடித்து மயிரிழை திறந்தார். மெல்லிய சீறல் கிளம்பியது. அக்காவின் கை கண்ணாடிமேல் வட்டமாகப் போய்க்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம் திறந்தார். முன்னறை முழுக்க அந்தச் சத்தம்தான். அக்கா கண்ணாடியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். வாயால் ஊதினாள். மறுபடி துடைத்தாள்.

திருகை மூடிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏம்மா" என்றார்.

"என்னங்க?" உடனே திரும்பிவிட்டாள்.

குற்றம் கையும் களவுமாகப் பிடிபட்டது. வாழ்க்கையில் முதல்முறையாகச் செக்கருக்கு, பிடித்துவிட்டதைப் பிடிக்காமல் விட்டதாக ஆக்கிவிட முடியுமா என்று தோன்றியது.

"டீ போடவா?" என்றார்.

அவர் டீ போட்டுக் கண்டதில்லை அக்கா. சந்தேகத்தோடு மேஜையைப் பார்த்தாள். நெட்டையின் முள் பாதிக்கு இறங்கியிருந்தது.

"பாருங்க, இதுவும் காத்துப் புடிக்கல. இதை நான் எத்தனை தடவை பார்த்து வெச்சது! ஒண்ணுகூட எனக்குச் சரியா வரமாட்டேங்குது."

அவள் குரல் கம்மியது. சும்மா இருந்துவிடலாம் என்றுதான் செக்கர் நினைத்தார். அந்தக் குரலுக்கு முன்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அது மேல தப்பு இல்ல. நான்தான் திருகைத் தொறந்தேன்."

"எப்ப?"

"இப்பத்தான்."

"நான் இங்கதானே நிக்கிறேன்."

"ஆமா."

அக்கா விளக்கைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கையிலிருந்த துணியை மடித்தாள். மடித்ததை இன்னொரு தரம் மடித்தாள்.

"சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"நெறையவா?"

செக்கர் நெட்டையின் திருகை இன்னொரு முறை இறுக்கினார். அக்கா அருகிலிருந்த அட்டைப் பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். தனக்குத்தானே பேசுகிறவள்போல, "லேப்ல பசங்க பின்னாடி நின்னு குசுகுசுன்னு பேசுவாங்க. போன வருஷத்துலேர்ந்து கேக்கறதே இல்ல. நான் என்னடான்னா பசங்க திருந்திட்டாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள்.

"பசங்களாவது, திருந்தறதாவது."

இருவரும் சிரித்தார்கள். அக்காவின் சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. செக்கர் தன் துண்டை நீட்டினார்.

"அப்ப எனக்கு வேலை மறக்கல" என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"மறக்கல. காது மட்டும்தான். அதுலயும் பேச்செல்லாம் நல்லாக் கேக்குது. இந்த சனியன் புடிச்ச சீறல் மட்டும்தான் விழல. டாக்டரைப் பார்க்கலாம், மெஷின் வெப்பாங்க."

"பார்க்கலாம். ஆனா, காது மட்டும்னு சொல்றீங்களே, இந்த வேலையில காதை எடுத்துட்டா மிச்சம் என்ன? நம்ம வீட்டு விளக்குன்னா சோப்பு நுரை தடவிக் கண்டுபுடிச்சிடுவேன். போன்ல எங்கேர்ந்து நுரை தடவறது? டாக்டருக்கு இன்னொரு புருவம்தான் இருக்கு. வேணாங்க. போகட்டும்."

மாலைக்குள் அலமாரி காலியானது. குண்டு கடைசிப் பெட்டியில் மேலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் அடித்தது. அக்கா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். திரையில் பல் டாக்டரின் பெயர். கிளம்பிவிட்டதைச் சொல்லத்தான் என்று எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, வேன் வந்துடுச்சு, கிளம்பப் போறோம். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம். என் புருவத்தை எடுத்த விளக்குக்கு மூடி வாஷர் புதுசு போட்டேன். நல்லா எரியுது. ஆனா இன்னும் எங்கேயோ ஒரு சத்தம். எரிஞ்சிட்டுதான் இருக்கு. போனைப் பக்கத்துல வைக்கட்டுமாக்கா?"

"வேணாம் டாக்டர். அணைச்சிடுங்க. நான் இப்பல்லாம் சொல்றதில்ல."

"சும்மா கேளுங்கக்கா. உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

அக்கா தலையை ஆட்டினாள். போனில் தலையாட்டினால் தெரியாது என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை. கட்டை விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. செக்கர் எழுந்து வந்து போனை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"அக்கா வீட்டுக்காரர் பேசறேன். போனை விளக்குப் பக்கத்துல வைங்க."

அந்தப் பக்கம் கொஞ்சம் திகைப்பு. நாக்கை நீட்டச் சொல்லும் குரல் என்று டாக்டருக்கு அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

"சார்... நீங்களா?"

"ஆமா. வைங்க. ரொம்பக் கிட்ட போகாதீங்க."

சீறல் கிளம்பியது. செக்கர் போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

"ம். மேலேருந்து வர்றது எப்பவும் வர்றதுதான். அதுல குத்தம் இல்ல. போனைக் கீழ எறக்குங்க. இன்னும். எண்ணெய் டாங்குக்கிட்ட." கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். "விட்டு விட்டு வருதும்மா. பல்லு இடுக்குல மாட்டினதை உறிஞ்சற மாதிரி. மாமியார் சத்தம் இல்ல இது. அந்த லாரிக்காரர் ஒருத்தர் போன் பண்ணுவாரே, மழை நாள்ல, அவர் விளக்குல வந்தது. அன்னைக்கி என்னால சாப்பிடவே முடியல, அந்தச் சத்தம்."

அக்காவின் கை துடைப்பத்தை விட்டது.

"பம்பு பக்கமா?"

"டாக்டர், பம்பு பக்கம் கொண்டு போங்க... ஆமா. அங்கதான்."

"கைப்பிடி தானா மேல எழும்புதான்னு கேளுங்க."

"கைப்பிடி தானா மேல எழும்புதா?"

"ஆமா சார்! ஐயோ, ஆமா! மெதுவா எழும்புது!"

"மொதல்ல காத்துத் திருகைத் தொறந்து அணைக்கச் சொல்லுங்க" என்றாள் அக்கா. இப்போது அவள் போனுக்கு வெகு அருகில் வந்திருந்தாள். "பம்புக்கு அடியில சின்ன வால்வு. அதுல பொட்டு மாதிரி ஒரு ரப்பர் இருக்கும், அது தேஞ்சு போச்சு. எண்ணெய் பம்புக்குள்ள ஏறுது. எரிய விடவே கூடாது, அணைச்சாரா கேளுங்க."

"அணைச்சிட்டேன்க்கா!" என்று போன் கத்தியது.

இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது. டாக்டருக்கும் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்துத்தான் பேசினார்.

"சார், அப்ப வேனைக் கிளப்பட்டுமா?"

செக்கர் போனைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவைப் பார்த்தார். தன் அபிப்பிராயம் எதையும் முகத்தில் காட்டவில்லை. அக்கா பெட்டிகளைப் பார்த்தாள்.

"தினமும் கேப்பீங்களா?" என்றாள். "எந்த நேரத்துல போன் வந்தாலும்?"

"இத்தனை வருஷமா என்ன பண்ணிட்டிருந்தேன்?"

"வேன் வேணாம்னு சொல்லுங்க. அந்த விளக்கை மட்டும் எடுத்துட்டு வரட்டும். ரப்பர் வெட்டி வெக்கிறேன்."

செக்கர் சொன்னார். அந்தப் பக்கம் டாக்டர் ஏமாந்து போவார் என்று நினைத்தார்கள். "அப்பாடா" என்றது போன். "வைக்க எடம் இல்லன்னு காலையிலேர்ந்து வீட்ல ஒரே சண்டை சார்."

அக்கா கடைசிப் பெட்டியைத் திறந்து குண்டை வெளியே எடுத்தாள். சுற்றியிருந்த பேப்பரை உருவி அவரிடம் நீட்டினாள். அவர் அதைப் பிரிக்காமல் நாற்காலியில் போட்டார். அக்கா விளக்கைத் தரையில் வைத்துக் காற்றடித்தாள். செக்கர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஓரமாக வைத்தார். பித்தளையில் கன்னம் படுகிற அளவுக்குக் குனிந்தார்.

"இங்கயா?" என்றாள் அக்கா.

"இல்ல. அந்தப் பக்கம் திருப்பு."

"இப்ப?"

"பேசாத, கேக்கணும்ல."

அவர் டாங்கைச் சுற்றிக் காதை நகர்த்திக்கொண்டே போய், ஒரு இடத்தில் நின்றார். ஈயப் பற்று வைத்த மடிப்பின் ஓரத்தில் விரல் நுனியை வைத்து, எடுக்காமல் காத்திருந்தார், அவள் சோப்பு நுரையைக் கொண்டு வரும்வரை.