முப்பது கைப்பிடிகள்

நான் கெட்டிக்காரி. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. வேறு யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே, என்ன செய்வது? எட்டுத் துண்டு துணியை வெட்டி ஒரு குடைக்குத் தைத்து முடிக்க எனக்கு இருபது நிமிஷம். மரத்தைச் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கைப்பிடி செய்ய நாற்பது நிமிஷம். கம்பி பூட்டுவது மட்டும் என் வீட்டுக்காரர். அவர் வேலையைப் பற்றி வாயைத் திறந்தால் சண்டை வரும், விடுங்கள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. அங்கேதான் என் மகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறோம். சம்பந்தியும் குடைக்காரர்தான். மனைவியை இழந்தவர், தங்கமான மனிதர், ஆனால் வேலையில் ஆமை. துணிக்கு எண்பது நிமிஷம், கைப்பிடிக்கு ஒரு மணி நேரம்.

மழைக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பள்ளிக்கூடத்து ஆர்டர் வந்தது. நூற்றிருபது குடை, பதினைந்து நாள் கெடு. சம்பந்திக்கும் அவர் ஊரில் அதே நூற்றிருபது; கெடு மட்டும் ஒரு மாதத்துக்கு மேல். இதற்கு நடுவில் மகளுக்கு டாக்டர் தேதி குறித்துவிட்டார், பன்னிரண்டாம் நாள். தலைப்பிரசவம்.

"பயமா இருக்கும்மா. நீ பக்கத்துல இருந்தா போதும்" என்றாள் போனில்.

குடைக்கு ஒரு மணி நேரம், நாளைக்கு எட்டு மணி நேரம் என்று போட்டால் பதினைந்து நாளும் சரியாக ஓடிவிடும். "எப்படிடி வருவேன்?" என்றேன்.

அவள் சளைக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் சேர்த்து நீ துணி மட்டும் தை. மாமா ரெண்டு பேருக்கும் கைப்பிடி மட்டும் செய்யட்டும். உன் வேலை பத்தே நாள்ல முடிஞ்சிடும்."

"நல்லா இருக்கே கதை! கைப்பிடியிலயும் நான்தான் வேகம். என்னைவிட மெதுவா செய்யறவர்கிட்ட நான் எதுக்கு வாங்கணும்?"

"நீ ரெண்டுலயும் வேகம்தான், யாரு இல்லேன்னா? ஆனா ஒரு கைப்பிடி செய்யற நேரத்துல நீ ரெண்டு துணி தைச்சிடுவே. மாமா ஒரு கைப்பிடி செய்யற நேரத்துல ஒரு துணிகூட முழுசா தைக்க மாட்டார். அவருக்கும் அஞ்சு நாள் மிச்சம்மா."

எனக்குப் பாதி புரிந்தது, மீதி புரியவில்லை. அவள் குரலுக்காகத் தலையாட்டினேன்.

மாப்பிள்ளை இரண்டு நாட்டுக்கும் நடுவே பஸ் ஓட்டுகிறவர். தினமும் அவர் வண்டியில் என் துணி மூட்டை அந்தப் பக்கம் போகும், கைப்பிடிக் கட்டு இந்தப் பக்கம் வரும். சுங்க அதிகாரி மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "குடையில பாதிதான் இருக்கு. மீதி எங்கே?" என்று கேட்டாராம். "அது எதிர்ல வருது சார்" என்றாராம் மாப்பிள்ளை.

எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. கெடுத்தது நான்தான். முதல் கட்டாக வந்த எட்டுக் கைப்பிடியைத் தடவிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு நாளைக்கு எட்டு என்றால் கடைசி நாளில்தான் கணக்கு சரியாகும்; நடுவில் ஒரு நாள் தவறினால் நான் யார் காலில் விழுவது? ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று உளியை எடுத்தேன். வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை. பின்கட்டில் உட்கார்ந்து நாலு நாளில் முப்பது கைப்பிடி செய்து, மெத்தைக்குக் கீழே ஒளித்து வைத்தேன். நானா ஏமாறுவேன்?

ஐந்தாம் நாள் காலையில் மகள் வீடியோவில் வந்தாள். "என்னம்மா, உடம்பு சரியில்லையா? மூட்டையே சின்னதாயிடுச்சுன்னு மாமா கவலைப்படறார்." பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள். "அம்மா, தலைமுடியில என்ன அது, மரத்தூளா?"

மாட்டிக்கொண்டேன். மெத்தையைத் தூக்கிக் காட்டினேன். கம்பி பூட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "அதான் ராத்திரி எல்லாம் முதுகுல குத்துச்சா!" என்றார்.

மகள் சிரிக்கவில்லை. "முப்பது கைப்பிடின்னா அறுபது துணி. ரெண்டரை நாள்மா. நான் உன்கிட்ட கைப்பிடியா கேட்டேன்? உன்னைத்தானே கேட்டேன்." அழுதுவிட்டாள்.

அதுவரை புரியாத மீதிப் பாதி அப்போதுதான் புரிந்தது. அந்தக் கைப்பிடிகளை நான் மரத்தில் செய்யவில்லை, என் மகள் பக்கத்தில் இருக்க வேண்டிய நேரத்தைச் சீவிச் செய்திருக்கிறேன். உளியை வீட்டுக்காரரிடம் கொடுத்து, "பூட்டி வைங்க, நான் கெஞ்சினாலும் தராதீங்க" என்றேன். அதற்குப் பிறகு மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை போன் வந்தது. வலி எடுத்துவிட்டது. எங்கள் நூற்றிருபதும் தைத்தாகிவிட்டது; சம்பந்தியின் பங்கில் முப்பத்தாறு துணி பாக்கி. அதை வைத்துக்கொண்டு நான் தவிக்க, சம்பந்தியே பேசினார்.

"என் கெடு இன்னும் இருக்கு சம்பந்தி. வெட்டின துணியை அப்படியே எடுத்துட்டு வாங்க. இங்கயும் ஒரு மிஷின் இருக்கு."

ஓடினேன். பாலத்தில் அதிகாரி மூட்டையைத் தொடப் போனார். "பேரன் வரப்போறான், இல்லாட்டி பேத்தி. அதுக்குள்ள விடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் முத்திரையைத் தலைகீழாகக் குத்தினார். பிரசவ அறைக்குள் நுழைந்தபோது மகள் என் கையைப் பிடித்த பிடியில் விரல்கள் மரத்துப்போயின. ஒரு மணி நேரத்தில் பேத்தி பிறந்தாள். அந்த ஒரு மணி நேரத்தை இப்போதும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். முப்பத்தொன்றாவது கைப்பிடியையும் செய்திருந்தால்?

இரண்டு நாளில் மகள் வீடு திரும்பினாள். சம்பந்தியிடம் விஷயத்தை ஒப்புக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. யோசித்து, நிதானமாக, "அப்போ எனக்கு முப்பது மணி நேரம் மிச்சம். உங்களுக்கு உதவியா நான் கொஞ்சம் துணி தைக்கட்டுமா?" என்றார்.

"ஐயோ, தொடாதீங்க சம்பந்தி!"

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சம்பந்தி மூலையில் உட்கார்ந்து கைப்பிடி சீவினார். நான் அவருடைய நொண்டி மிஷினில் தைத்தேன். பேத்தி சிணுங்கும்போதெல்லாம் எழுந்து போய் எடுத்துக்கொண்டேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். சாயங்காலம் மகள் கட்டிலில் இருந்தபடியே கேட்டாள்.

"அம்மா, காலையிலிருந்து அந்த ஒரு துணிதானே கையில இருக்கு? எவ்வளவு நேரம் ஆச்சு?"

"தெரியலடி" என்றேன். "பார்க்கல."