புளி போட்டுத் தேய்த்த டீ பாட்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் விற்கும் மாஹிராவுக்கு அன்றுதான் கடைசி வாய்ப்பு. கடைபோடும் இடம் அண்ணன் ஷாகுலுடையது. "இன்னிக்குப் பெருசா ஒண்ணு விக்கலைன்னா அடுத்த வாரம் இங்க மொபைல் கவர்தான்," என்று காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டான். சொன்னதோடு விட்டானா? பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தும் கொண்டான், புண்ணியவான்.

அவள் மலைபோல் நம்பியிருந்தது ஒரு இங்கிலீஷ் வெள்ளி டீ பாட்டை. தாம்பரம் ரயில்வே காலனியில் வீட்டைக் காலி செய்த அருள்மேரி அக்காவிடம் வாங்கியது. விளிம்பு முழுக்க முறுக்கு சுற்றினாற்போல ஓரம், மூக்கின் அடியில் மடல்மடலாக இலை, கைப்பிடியில் சிப்பி. பார்த்தால் கண் எடுக்க முடியாது.

பதினோரு மணிக்கு அனந்தகிருஷ்ணன் வந்தார். பழம்பொருள் விஷயத்தில் அவர் சொன்னால் சந்தையே தலையாட்டும். டீ பாட்டைக் கவிழ்த்துப் பார்த்தார். அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது.

"இங்கிலீஷ் வெள்ளின்னா சிங்க முத்திரை இருக்கணுமே, எங்கம்மா? இது செம்புல வெள்ளி முலாம். ஷோகேஸ்ல வைக்கலாம், அவ்ளோதான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாஹிராவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சார், இதை அருள்மேரி அக்கா வீட்ல இருபது வருஷமா புளி போட்டு, தேங்கா நாரால தேச்சிருக்காங்க. முத்திரை அதுல போயிடுச்சு. இந்த இலையப் பாருங்க, மேடெல்லாம் தட்டையாகிக் கிடக்கு. முலாமா இருந்தா செம்பு எப்பவோ பல்லிளிச்சிருக்காதா?"

அவர் லென்ஸை எடுத்து இலை, சிப்பி, ஓரம் என்று ஒன்று விடாமல் பார்த்தார். தேய்ந்த இடமெல்லாம் வெள்ளை வெளேர் என்றுதான் இருந்தது. ஆனாலும் முத்திரை இல்லாமல் வாங்க முடியாது என்று கையை விரித்தார்.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. பாத்திரம் தேய்க்கிற எவள் மூடியின் உட்புறத்தைத் தேய்க்கிறாள்? அவளே தேய்த்ததில்லை. மூடியைத் திருப்பி, கறுத்துக் கிடந்த உட்புறத்தைத் துப்பட்டா நுனியால் அழுத்தித் துடைத்தாள். ஒரு காலைத் தூக்கியபடி குட்டிச் சிங்கம் ஒன்று அச்சு மாறாமல் நின்றது.

யாரோ விசில் அடித்தார்கள். அனந்தகிருஷ்ணன் பேரம் பேசவே இல்லை. அவள் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுத் தயங்கினார்.

"அடுத்த வாரமும் இருப்பியாம்மா? என் வீட்ல நாலு வெள்ளிச் சாமான் இருக்கு. நீதான் பார்த்துச் சொல்லணும்."

மாஹிரா அண்ணன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"இதே இடத்துலதான் சார் இருப்பேன். எடுத்துட்டு வாங்க," என்றாள், சந்தைக்கே கேட்கிற குரலில்.