வெள்ளிக்கிழமையே எடுத்தோம்

என் மகன் மதன்குமார் வானத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் போனான்.

சிறுமலை அடிவாரத்தில் எங்கள் தோட்டத்துக்குக் கிழக்கே ஒரு கல்குவாரிப் பள்ளம் இருக்கிறது. கல்லை வெட்டி எடுத்தவர்கள் வேலை முடிந்ததும் மூடித் தருவதாகச் சொன்னார்கள். மூடவில்லை. மழைத்தண்ணீர் நிறைந்து பச்சையாகக் கிடந்தது. பிறகு பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனியின் ஆட்கள் வந்து பள்ளத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். லாரி நீளத்துக்கு ஓர் இரும்புத் தொட்டியைக் கிரேனில் தூக்கி ஐம்பது அடி ஆழத்தில் இறக்கினார்கள். அதற்குள் ஆட்கள் குடியிருப்பார்களாம். விண்வெளிக்குப் போகிறவர்களுக்கு அதுதான் பயிற்சியாம். நான் நம்பவில்லை. சாராயம் காய்ச்சுகிறவன்தான் இப்படி ஓர் இடம் தேடுவான் என்று நினைத்தேன்.

மதன் என்ஜினியரிங் படித்தவன். அங்கேயே வேலைக்குச் சேர்ந்தான். தொட்டிக்குள் இருக்கப்போகிற மூன்று பேரில் அவனும் ஒருத்தன் என்று ஒருநாள் வந்து சொன்னான்.

"வானத்துக்குப் போறவன் எதுக்குடா பள்ளத்துக்குள்ள எறங்குறான்?" என்று கேட்டேன்.

"மேல போனா ஒடம்புக்கு எடை தெரியாதுப்பா. தண்ணிக்குள்ள மெதந்து வேலை பாத்தா அது பழகும். அதோட, ஒரு தகரத்துக்குள்ள நாள்கணக்கா அடைஞ்சு கெடந்து பழகணும். நெனச்ச நேரத்துக்கு வீட்டுக்கு வர முடியாதுல்ல."

"வீடு ரெண்டு மைல்ல இருக்குடா."

"இருந்தாலும் வர முடியாது. அதான் பயிற்சியே."

என் மனைவி கண்ணம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "பொண்ணு கேட்டுப் போனா மாப்பிள்ளை என்ன பாக்குறாருன்னு கேப்பாங்களே. தண்ணிக்குள்ள உக்காந்திருக்காருன்னு சொல்லவா? தவளை வீட்லதான்டா ஒனக்குப் பொண்ணு எடுக்கணும்."

அவன் உள்ளே போன அடுத்த வெள்ளிக்கிழமை, விடியுமுன் மல்லிகை பறித்துக்கொண்டிருந்தவள் வரப்பில் உட்கார்ந்தாள். "நீங்க பறிங்க, செத்த நேரத்துல வாரேன்" என்றாள். திரும்பிப் பார்த்தபோது சாய்ந்து கிடந்தாள். மடியில் பூ சிந்தாமல் இருந்தது. திண்டுக்கல்லுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிர் வழியிலேயே போய்விட்டது என்று கையை விரித்தார்கள்.

ஐஸ் பெட்டியில் வைத்தோம். பள்ளத்துக்கு ஆள் அனுப்பினேன். நெய்க்காரப்பட்டியிலிருந்து அவள் தம்பி ஈஸ்வரன் கோடித்துணியோடு வந்து சேர்ந்தான். பிறந்த வீட்டுக் கோடி விழாமல் எங்கள் பக்கம் பிணத்தை எடுக்க மாட்டோம். அக்கா காலடியில் விழுந்து அழுதுவிட்டு எழுந்தவன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"மதன் எங்கீங்க?"

"பள்ளத்துல. ஒடனே வர முடியாதாம். நாளைக்கு மத்தியானம் ஆகுமாம்."

"ஏனுங்க மச்சான், துபாய்ல இருக்கறவனே பொழுது சாயறதுக்குள்ள வந்து சேர்றான். இவன் கூப்பிடு தூரத்துல இருந்துக்கிட்டு வரமாட்டானா? பெத்தவளுக்குக் கொள்ளி வெக்கறத விட அங்க என்னங்க வேலை?"

கூடியிருந்த எல்லோரும் அதைத்தான் நினைத்தார்கள். அவன் வாய்விட்டுச் சொன்னான், அவ்வளவுதான்.

"நாளைக்கு வரைக்கும் வச்சிருப்போம் மாப்ள. பெட்டிதான் இருக்கே."

ஈஸ்வரன் என்னை ஓரமாக இழுத்துப்போனான். "நாளைக்குச் சனிக்கிழமைங்க. எங்கப்பனைச் சனிக்கிழமைதான் எடுத்தோம். தொணைக்கு இன்னொரு உசிரு கேக்கும்னாங்க. அதுக்காவப் பாடையில கோழிக்குஞ்சு கட்டினோம். கட்டியும் அந்த மாசமே எங்கண்ணன் போயிட்டான். எங்கக்கா தொணைக்குக் கூப்பிட்டா யாரைக் கூப்பிடுவா? தண்ணிக்குள்ள இருக்கற மகனைத்தானுங்களே?"

எனக்கு இந்தப் பேச்சிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அறுபதில் கண்டம் என்று சொல்லி ஒரு ஜோசியக்காரன் என்னிடம் பரிகாரத்துக்குச் சேவல் வாங்கிப் போனான். சேவலுக்குத்தான் கண்டம். ஆனால் ஈஸ்வரன் முகத்தில் இருந்த பயம் நிஜம். மதனைத் தோளில் தூக்கி வளர்த்தவன் அவன்.

இரண்டு பேரும் அவனுடைய பைக்கில் பள்ளத்துக்குப் போனோம்.

கரையில் தகரக் கொட்டகைதான் ஆபீஸ். கம்பெனி டாக்டர் ஞானராஜ் எழுந்து நின்று கும்பிட்டார். "இன்னும் அவர்கிட்ட சொல்லலங்கய்யா. வீட்டு ஆள் வாயால சொல்றதுதான் மொறைன்னு காத்திருந்தோம்."

சுவரில் இருந்த டிவியில் தொட்டியின் உட்புறம் தெரிந்தது. தரையில் ஓர் ஓட்டை. ஓட்டை விளிம்பு வரைக்கும் தண்ணீர் நின்றது, மேலே ஏறவில்லை. டம்ளரைக் கவிழ்த்து வாளித் தண்ணீரில் அமுக்கினால் உள்ளே தண்ணீர் ஏறாது. அந்தச் சங்கதிதான். ஓட்டைக்கு மூடி இருந்தது. திறந்துதான் கிடந்தது.

"இந்த வழியா வெளிய வரலாமா?" என்று ஈஸ்வரன் கேட்டான்.

"தெனமும் அது வழியாத்தான் வேலைக்குப் போறாங்க. தண்ணிக்குள்ளயே போய்ட்டுத் திரும்பிருவாங்க. மேல மட்டும் வரக்கூடாது."

"ஐம்பதடிதானுங்க. இத விட ஆழக் கெணத்துல முங்கி மோட்டாரைத் தூக்கினவன் நான். கதவும் தொறந்து கெடக்குது. வரக்கூடாதுன்னா எப்படி?"

"நீங்க முங்கினதும் மேல வந்துருவீங்க. அவங்க அங்கயே குடியிருக்காங்க. அந்த அழுத்தத்துல காத்து ரத்தத்தோட கரைஞ்சு போயிருக்கு. சோடா பாட்டிலைப் படக்குன்னு தொறந்தா பொங்குதுல்ல? அந்த மாதிரி ஒடம்புக்குள்ள பொங்கும். கை கால் விழுந்துரும். உசிரே போகும். இப்ப மூடியை மூடி, உள்ள அழுத்தத்தைக் கொஞ்சங் கொஞ்சமாக் கொறச்சா, நாளைக்கு மத்தியானம் பத்திரமா வந்துருவார்."

டாக்டர்கள் சொல்வதும் எனக்குத் தெரியும். காலை எடுத்தால் பிழைப்பான் என்று என் அண்ணனுக்குச் சொன்னார்கள். எடுத்தார்கள். பிழைக்கவில்லை. இவர்களுக்கு ஆள் உள்ளேயே இருந்தால்தான் கம்பெனி ஓடும்.

ஈஸ்வரன் சட்டையைக் கழற்றி வீசினான். "நான் போய் இழுத்துட்டு வாரேன்." வாட்ச்மேன்கள் இரண்டு பேர் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்கள். "விடுங்கடா! எங்கக்கா அங்க அநாதையாக் கெடக்கறா!" என்று திமிறினான்.

"பொறு மாப்ள. நான் பேசிக்கிறேன்" என்றேன்.

மைக்கை என் கையில் கொடுத்தார்கள். டிவியில் மதன் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான்.

"அப்பு."

நிமிர்ந்து பார்த்தான். "என்னப்பா அதிசயமா இருக்கு? அம்மாவும் வந்திருக்கா?"

எனக்குச் சுற்றிவளைக்கத் தெரியாது. "அம்மா செத்துப்போச்சு அப்பு. காலைல. பூப் பறிக்கையில."

முறுக்கிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டான். மெதுவாக நடந்து ஓட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றான். கால்விரல் தண்ணீரில் நனைந்தது. டாக்டர் பதறிப்போய், "வேண்டாம்னு சொல்லுங்கய்யா" என்றார். தொட்டியில் இருந்த மற்ற இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். அவனைத் தொடவில்லை.

"அப்பா, வரட்டுமா?"

"வந்தா என்னாகும்னு ஒனக்குத் தெரியாதாடா?"

"தெரியும். ஆகவும் செய்யும், ஆகாமலும் போகும். நீங்க சொன்னா வாரேன்."

ஈஸ்வரன் திமிறுவதை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தான்.

"வராத. மூடியைப் போடு" என்றேன்.

மூன்று பேருமாகச் சேர்ந்து மூடியை இழுத்துப் பூட்டினார்கள். மதன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அப்போதுதான் அழுதான். அழுதுகொண்டே, "நாளைக்கு மத்தியானம் வந்துருவேம்ப்பா. நான் வந்துதான் எடுக்கணும். அது வரைக்கும் அம்மாவை வச்சிருங்க" என்றான்.

நான் ஈஸ்வரனைப் பார்த்தேன். இப்போது அவன் கத்தவில்லை. வெறும் உடம்போடு நின்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். நாளைக்கு வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினான்.

"இல்ல அப்பு. இன்னைக்கே எடுத்துர்றோம். நானே வச்சுர்றேன்."

"எதுக்கு? சனிக்கிழமைன்னு மாமா சொன்னாரா?"

"ஆமா."

"அதை நீங்க நம்புறீகளா?"

"இல்ல."

"டாக்டர் சொன்னதை?"

"அதையும் நம்பல."

"அப்ப எதுக்குப்பா ரெண்டு பேரு பேச்சையும் கேக்குறீக?"

"ரெண்டுல ஒண்ணு நெசமாப் போயிட்டா? எனக்கு இருக்கறது நீ ஒருத்தன்டா."

"ஒரு ராத்திரிப்பா. ஒரே ஒரு ராத்திரி. எங்கம்மாப்பா."

மைக்கை மேஜை மேல் வைத்துவிட்டு நடந்தேன். உள்ளே அவன் தகரத்தில் கையால் குத்துகிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்டைத் தாண்டிய பிறகும் கேட்டது.

பொழுது சாய்வதற்குள் எடுத்தோம். ஈஸ்வரன் கோடி போட்டான். தெருமுனையோடு நின்றுவிட்ட பெண்களில் ஒருத்தி, "மகனைப் பெத்தும் மலடி மாதிரிப் போறா பாரு" என்றாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாள். தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வரும்போது ஈஸ்வரன் பின்னாலிருந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்தான். கொள்ளியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் பால் தெளிக்கச் சுடுகாட்டில் இருந்தோம். கம்பெனி ஜீப் வந்து நின்றது. மதன் இறங்கினான். கூடவே தொட்டியில் இருந்த அந்த இரண்டு பேரும் இறங்கினார்கள். அழுத்தத்தைக் குறைத்தால் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் குறைக்க வேண்டுமாம். இவனுக்காகப் பயிற்சியைப் பாதியில் விட்டு வந்திருக்கிறார்கள். ஒருத்தன் வடக்கத்திக்காரன். கண்ணம்மாளைக் கண்ணால் கண்டது கூட இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றான்.

மதனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நேராக நடந்துதான் வந்தான். மேல் எல்லாம் வெளுத்திருந்தது. சாம்பலைப் பார்த்தான். இன்னும் சுடுகிறதா என்று குனிந்து தொட்டும் பார்த்தான். பிறகு என்னிடம் வந்தான். பொறுக்கிப் போட்ட எலும்போடு மண்கலயம் என் மடியில் இருந்தது.

"இதையாச்சும் நான் கொண்டுபோய்க் கரைக்கிறேன். குடுங்க" என்று இரண்டு கையையும் நீட்டினான்.

சுடுகாட்டு வேலை பார்க்கிற இஞ்ஞாசி மண்வெட்டியை ஊன்றி நின்றான். "கொள்ளி வச்ச கைதான் கரைக்கணும் தம்பி. மாத்தினா ஆகாது."

"ஆகாதுன்னா என்னண்ணே ஆகும்?"

"அது எனக்குத் தெரியாது தம்பி. ஆகாதுன்னு சொல்வாங்க."

மதன் என் முகத்தையே பார்த்தான். கையை மடக்கவில்லை. ஈஸ்வரன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்த முறை அவன் கும்பிடவில்லை. இஞ்ஞாசி சொன்னதை நான் நம்பவும் இல்லை.

கலயத்தை நான் கொடுக்கவில்லை.